பூனை காட்டிய கை

போன மாதம் மகள் ஒரு பூனைப் பொம்மை வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் பூனை. வயிற்றுக்குள் பற்றரி. ஒரு கையைத் தூக்கி நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு அதிர்ஷ்டம் வருமாம். சப்பாத்து வைக்கும் தட்டுக்கு மேலே, வாசலைப் பார்க்க வைத்தாள். அவள் வேலைக்குப் போனதும் நான் அதை எடுத்துப் பற்றரியைக் கழற்றி, குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். சில நாட்கள் என்னோடு அவள் கதைக்கவில்லை. அப்பாவுக்கு வயது போகப் போகக் கிறுக்குக் கூடுகிறது என்று தாயிடம் சொன்னாளாம். தாய்க்குக் காரணம் தெரியும்.

மகளும் தெரிந்துகொள்ளட்டும். அந்தக் கதையில் அவளும் இருந்தாள், தாயின் வயிற்றுக்குள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் சுவிஸ் நாட்டில், சோலோதுர்ன் நகரில் இருந்தோம். ஆற்றங்கரையில் ஒரு உணவகம். அதன் குசினியில் நான் கோப்பை கழுவினேன். முதலாளியை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவி ஒரு தடவை யப்பானுக்குச் சுற்றுலா போய்வந்தபோது அங்கிருந்து ஒரு பீங்கான் பூனையைக் கொண்டுவந்தாள். இப்போது கடைகளில் குவிந்து கிடக்கும் சாமான் மாதிரி இல்லை அது. கையால் வரைந்த, ஒரு கையை அசையாமல் தூக்கிவைத்திருந்த பூனை. கழுத்தில் சிவப்புப் பட்டி, பட்டியில் பொன் மணி, நெஞ்சை மூடிய துணியில் நீலப் பூக்கள். பூக்களைச் சுற்றிப் பொன்னிறப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்திருந்தார்கள். தடவினால் விரலில் தட்டுப்படும். மீசையை வரைந்தவருக்கு ஒரு பக்கத்தில் தூரிகை கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. அதனால் பூனை வாயின் ஒரு கோடியால் மட்டும் சிரிப்பதுபோல் இருக்கும்.

காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கிழமைக்கு ஒரு தரம் அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. மற்றவர்களிடம் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள் என்று ஷெஃபின் மனைவி என்னிடம்தான் தருவாள். இளஞ்சூட்டு நீரில், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் குளிப்பாட்டுவேன். எனக்கு அந்தப் பூனையைப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த நாட்டில் என்னை வா என்று கூப்பிட்ட ஒரே கை அதனுடையதுதான்.

கையை உயர்த்தி, உள்ளங்கையை முன்னால் காட்டி, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி மடக்கிக் காட்டுவது. நாங்கள் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது அப்படித்தான். சுவிஸ்காரர் உள்ளங்கையை மேலே திருப்பி ஒற்றை விரலை வளைத்துக் கூப்பிடுவார்கள். ஊரில் ஒருவனை அப்படிக் கூப்பிட்டால் அடிபிடியில்தான் முடியும். எங்களுடைய ‘வா’வை இவர்கள் செய்தால் அதற்குப் ‘போய் வா’ என்று அர்த்தம். அதோடு சேர்த்து வாயால் ‘அடே’ என்பார்கள். விடை கொடுக்கும் சொல் அது. வந்த புதிதில் ஒரு கடைக்காரி என் முதுகுக்குப் பின்னால் அடே என்று சொல்லிக் கையையும் அப்படி ஆட்ட, கூப்பிடுகிறாளாக்கும் என்று திரும்பிப்போய் அவள் முன்னால் நின்றேன். அவள் மறுபடி அடே என்றாள். நான் மறுபடி நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற சனம் சிரித்தது.

அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் பூனை சுவிஸ்காரப் பூனை இல்லையே. அதுவும் எங்களைப்போலக் கிழக்கிலிருந்து வந்தது. அது காட்டுவது எங்கள் கை என்றே நினைத்தேன். நினைத்தது சரி என்று பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்தது. யப்பானியரும் அப்படித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். பூனை சனத்தைக் கடைக்குள் வா என்கிறதாம். அந்த உணவகத்தில் அதைச் சரியாக வாசித்தவன் நான் ஒருவன்தான். அதற்கு எனக்குக் கிடைத்த சன்மானத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

குசினியில் இன்னொரு தமிழர் இருந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட முந்தி வந்து, கோப்பை கழுவுவதிலிருந்து சமையல்காரனுக்கு உதவியாளாக உயர்ந்தவர். டொச் என்கிற ஜெர்மன் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாய்க் கதைப்பார். எல்லோருக்கும் அவர் அண்ணை. என்னை வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அந்த நன்றியை நான் நாள்தோறும் காட்டினேன். அவருடைய அடிப்பிடித்த சட்டிகளை நானே தேய்த்தேன், அவருடைய உப்புச் சப்பில்லாத பகிடிகளுக்கும் நானே சிரித்தேன். இப்போதும் இருக்கிறார். கோயில் திருவிழாவில் சால்வையோடு முன்வரிசையில் நிற்பார். என்னைக் கண்டால் சுகமோ தம்பி என்று கேட்பார். ஓம் அண்ணை என்பேன். அதற்குமேல் எனக்கு நல்ல குணம் கிடையாது.

அப்போது நானும் மனைவியும் அகதி முகாமில் இருந்தோம். ஒரு அறைக்கு இரண்டு குடும்பம். நடுவில் ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் போட்டுப் பிரித்திருந்தது. அந்தப் பக்கத்து மனிதன் இருமினால் இந்தப் பக்கத்தில் விரிப்பு ஆடும். மனைவிக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. பிள்ளையை இந்த விரிப்புக்குப் பின்னால் பெறமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. பெறமாட்டேன் என்றாள், ஏதோ அது அவள் கையில் இருக்கும் விசயம்போல.

நகருக்குள் ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன வீடொன்று காலியாக இருந்தது. ஒரு அறை, தனிக் குசினி, முற்றத்தைப் பார்த்த சன்னல். அதன் சொந்தக்காரி ஒரு விதவை. என் புரோபட்சைட், அதாவது வேலையில் என்னைச் சோதித்துப் பார்க்கும் காலம், முடியும்வரை வீட்டை வேறு ஆருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். வேலை நிரந்தரமானால் வீடு எனக்கு. இல்லையென்றால் இல்லை. இந்த ஊரில் பேச்சு அவ்வளவு சுருக்கம். மனைவி அன்றைக்கே தன்னுடைய பழைய சேலை ஒன்றை வெட்டிச் சன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள். அளவு சரியாக இருக்குமா என்று கேட்டேன். வாசலில் நின்று கண்ணாலேயே அளந்து வந்தேன் என்றாள்.

அந்தக் காலம் முடிகிற கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானப் பந்தி முடிந்திருந்தது. நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். நான் கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தகரத் தட்டு உண்டு. அதில் பூனை இருந்தது. என்னைப் பார்த்தபடி, கையைத் தூக்கியபடி. சமையல்காரன், சலாட் வெட்டும் ஸ்பானியப் பெண், பரிமாறுகிற பெடியன்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஷெஃப் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சில வசனங்கள் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பூனையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. திங்கட்கிழமை என்பது ஒன்று. மற்றது ‘ஃபெர்டிக்’. குசினியில் சாப்பாட்டுத் தட்டு தயாரானதும் சமையல்காரன் கத்துகிற சொல். ஆக, திங்கட்கிழமை ஏதோ தயார். பிறகு அண்ணையிடம் ஏதோ சொல்லி, என் தோளில் தட்டிவிட்டு ஷெஃப் வெளியே போனார்.

அண்ணையைப் பார்த்தேன்.

“உன்னைக் கூப்பிடுது. கையைப் பார், விளங்கேல்லையோ?” என்றார். “திங்களிலயிருந்து நீ நிரந்தரம் எண்டுறார்.”

“உண்மையாவோ அண்ணை?”

“ஓம். இனி நீதான் நாளைக்கு ஏதாவது செய்துகொண்டு வந்து எல்லாருக்கும் குடுக்கவேணும். இங்க அதுதான் வழக்கம். உன்ரை மனிசியின்ரை வடையைக் கொண்டு வா.”

நான் மூட்டையைக் கீழே போட்டேன். சந்தோசத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல், பூனையைப்போலவே கையைத் தூக்கி எல்லோரையும் பார்த்து ஆட்டினேன். வா என்கிறது பாருங்கள் என்று காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்பானியப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றெரிச்சல் பிடித்ததுகள் என்று நினைத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் கண்டபோதுதான் எனக்கு முழுவதும் தெரியவந்தது. ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் அவர் நிற்கிற இடத்தில் பூனையை வைப்பது அங்கே வழக்கமாம். குடிகாரப் பரிமாறுகாரன் ஒருவனுக்குப் பகிடியாக முதலில் செய்தார்களாம். பூனை அடே சொல்கிறது என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதன் பிறகு ஷெஃபுக்கு அது வசதியாகப் போய்விட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு ஒரு பொம்மை கிடைத்தது. ஃபெர்டிக் என்றால் தயார் மட்டுமல்ல, முடிந்தது என்றும் அர்த்தமாம். அன்றைக்கு அவர் சொன்னது, இவனுடைய சோதனைக் காலத்தோடு முடித்துக்கொள்கிறேன், உன்னுடைய மச்சானைத் திங்கட்கிழமை வரச் சொல், இவனுக்கு நல்லவிதமாக எடுத்துச் சொல், என்பது. ஆம், அண்ணையின் மச்சான். புதிதாக வந்திறங்கியிருந்தான். அவனுக்கு இடம் வேண்டுமென்று, என் கை மந்தம், தட்டுகளில் எண்ணெய் போவதில்லை என்று அண்ணை ஷெஃபிடம் கிழமைக் கணக்கில் ஓதியிருக்கிறார். அதையாவது விளங்கிக்கொள்ளலாம். மச்சானுக்காக மனிதர்கள் இதைவிடக் கேவலமானதெல்லாம் செய்கிறார்கள். ஆனால் வடை எதற்கு? அதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. சும்மா, பார்ப்பதற்கு நன்றாயிருக்கும் என்றுதான் செய்திருப்பார்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாதே. வேலை முடிந்ததும் நேரே பேக்கரிக்கு ஓடினேன். விதவை கை கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் ஷெஃபுக்கு ஒரு தொலைபேசி எடுத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டுக் கதவின் திறப்பைத் தருவதாகச் சொன்னாள். தாராளமாகக் கேளுங்கள் என்றேன்.

முகாமின் பொதுக் குசினியில் மனைவி வடை சுட்டாள். சூரிச்சிலிருந்து ஒருவர் மூலம் வந்த பருப்பு, பிரசவத்துக்குப் பிறகு வேண்டுமென்று ஒளித்து வைத்திருந்தது, அத்தனையையும் ஊறப்போட்டாள். வயிறு இடித்ததால் அடுப்புக்குப் பக்கவாட்டில் நின்றுதான் சுடமுடிந்தது. எண்ணெய் மணத்துக்கு முகாம் பொறுப்பாளன் வந்து கத்திவிட்டுப் போனான். இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளடா என்று அவள் தமிழில் பதில் சொன்னாள். ஒரு வடை வழுக்கி எண்ணெய் தெறித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொப்பளித்தது. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அடுத்த வடையைத் தட்டிவிட்டாள். விரிப்புக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கு எங்கள் சட்டியையும் மெத்தையையும் கொடுத்தோம். அவர்கள் விரிப்பை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை வடைத் தட்டோடு போனேன். எல்லோரும் ஓடிவந்து சாப்பிட்டார்கள். ஷெஃப் நின்றபடி சாப்பிட்டு, விரலைச் சூப்பி, என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். ஆலெஸ் குவெட்டி என்றார். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். சமையல்காரனும் அதையே சொன்னான். ஷெஃபின் மனைவி ஒரு சொக்கலேற் பெட்டி தந்தாள். ஸ்பானியப் பெண் என் இரு கன்னங்களிலும் முத்தமிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு கோப்பை கழுவுகிறவனின் வேலை நிரந்தரமானதற்கு இப்படியும் கொண்டாடும் சனம் உண்டா என்று தட்டை மறுபடி எல்லோரிடமும் நீட்டினேன். இந்த நாட்டைப்பற்றித் தப்பாக நினைத்துவிட்டேனே என்று மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

வேலையை விட்டுப் போகிறவன் தன்னோடு வேலைசெய்தவர்களுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். வடை விசயத்தில் அண்ணை பொய் சொல்லவில்லை. வழக்கத்தைச் சரியாகத்தான் சொன்னார். இவ்வளவு மரியாதையாக ஒருவரும் விடைபெற்றதில்லை என்று ஷெஃப் என்னைப்பற்றிச் சொன்னாராம். அண்ணைதான் ஆகக் கூட வடை சாப்பிட்டார். மிச்சத்தை மச்சானுக்கென்று துணியில் சுற்றிக்கொண்டும் போனார்.

திங்கட்கிழமை காலையில் மனைவி பைகளைக் கட்டி முகாம் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மத்தியான இடைவேளையில் திறப்போடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

தொட்டியடியில் வேறொருவன் நின்றான். என் ஏப்ரனைக் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் மரியாதையாகச் சிரித்து, வடை நல்லாயிருந்தது என்றான். “நீங்கள் ரெனான் எண்ட ஊர்ப் பக்கம் வேலைக்குப் போறியளாம், அண்ணை சொன்னவர்,” என்றான். அவனில் பிழை இல்லை, அவனுக்கும் பொய்தான் சொல்லப்பட்டிருந்தது. அண்ணை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. தகரத் தட்டில் பூனை இல்லை. அது தன் வேலையை முடித்துவிட்டுக் காசு மேசைக்குத் திரும்பியிருந்தது.

ஷெஃப் உள்ளே வந்தார். நான் ஏதோ சாமானை மறந்துவிட்டுப் போனதாக நினைத்திருக்கவேண்டும். சிரித்தார். நான் எனக்குத் தெரிந்த டொச்சில் வேலை, வேலை என்றேன். அவர் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, உள்ளங்கையை எனக்குக் காட்டி, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார். அடே, என்றார்.

எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். அந்தக் கையின் அர்த்தமும் தெரியும். கால்களுக்குத்தான் தெரியவில்லை. அவை முன்னால் நடந்தன. அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். நான் இன்னும் கிட்டப் போனேன். அவர் பின்னால் நகர்ந்தார். அடே, அடே, என்றார், சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. அவருடைய முதுகு குளிர்ப்பெட்டிக் கதவில் இடித்தபோது அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். சமையல்காரன் பாய்ந்து வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான்.

அப்போது அண்ணை சிரித்தார். அடக்கிப் பார்த்து, முடியாமல், வெங்காயக் கண்ணீரோடு சிரித்தார்.

“போகச் சொல்லுறார் தம்பி,” என்றார். “அது வா இல்லை. போ.”

அங்கிருந்து நான் போனபோது பேக்கரிக் கதவருகே விதவை நின்றாள். விடிந்ததுமே தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் பொய்யன் என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த டொச்சில் இருந்தது. வீடு வேறொருவருக்குப் போனது. மகள் பிறந்தபின் தாயும் பிள்ளையும் வந்துசேர்ந்தது அதே முகாமுக்கு, அதே அறைக்குத்தான். விரிப்பை அந்தப் பக்கத்துக் குடும்பம் திருப்பித் தரவில்லை. சன்னலுக்கென்று தைத்த சேலைத் திரையை அந்தக் கயிற்றில் போட்டோம். கண்ணால் அளந்தது, நீளம் காணவில்லை. கீழே அந்தப் பக்கத்துக் கால்கள் தெரிந்தன.

அந்தத் திங்கட்கிழமை, பேக்கரியிலிருந்து திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவின் மறுகோடியில் முகாம் வாசல் தெரிந்தது. மனைவி பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டுவிட்டாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். மற்றக் கையை, கொப்பளம் உடைந்து சிவந்து கிடந்த கையை உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினாள். கெதியாய் வா என்கிறாள். நான் நின்றேன். என் கையில் திறப்பு இருக்கிறதென்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் வேகமாக, முகமெல்லாம் சிரிப்பாக ஆட்டினாள்.

அது எங்கள் கை. அதற்கு வா என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் கால்கள் திரும்பின. வந்த பஸ்ஸிலேயே திரும்பவும் ஏறிப் போய்விட்டேன்.